அட்டையைக் காட்டிய பிறகு: இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் உங்கள் விவரங்கள் எங்கே போகின்றன?

என் அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, 68 வயது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீடியோ அழைப்பில் ஒரு வங்கிக் கணக்கு திறந்தார். மறுமுனையில் இருந்த பெண் அலுவலர் பான் கார்டைக் காட்டச் சொன்னார், கொஞ்சம் சாய்த்துக் காட்டச் சொன்னார், பிறந்த தேதியைக் கேட்டார், நடுவில் அப்பா பெயரைக் கேட்டார். பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. போனை என்னிடம் நீட்டிவிட்டு அத்தை கேட்டார்: "அந்தப் பெண் கார்டைப் பார்த்துவிட்டாள், சரி. பார்த்ததை எங்கே வைப்பாள்?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆவணம் உண்மையானதா என்று பார்ப்பதற்குச் சில விநாடிகள் போதும். பார்த்த பிறகு அதன் படம் யாருடைய கணினியில் எத்தனை ஆண்டு கிடக்கிறது என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது. 2025 ஜூலையில் பெண்களுக்கென்றே அமெரிக்காவில் நடத்தப்படும் 'டீ' என்ற செயலியிலிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் ஏறக்குறைய 13,000, பெண்கள் தங்களை அடையாளம் காட்டுவதற்காக அனுப்பிய செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்று அந்தச் செயலி சொல்லியிருந்தது. மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், 'டிஸ்கார்டு' என்ற அரட்டைச் செயலி நிறுவனத்துக்காக வாடிக்கையாளர் சேவை செய்துவந்த ஒரு வெளி நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. வயதை நிரூபிக்க அனுப்பிய படங்கள் அவை. இரண்டு சம்பவங்களிலும் சரிபார்ப்பு என்றோ முடிந்துவிட்டது. படம் மட்டும் தங்கிவிட்டது.

இந்தியாவில் ஆதார், பான், அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக நடக்கும் சரிபார்ப்பை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வரிசைப்படி போகலாம்.

முதல் படி: கேட்பவர் யார், அவருக்குத் தெரிய வேண்டியது என்ன?

வங்கி, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், சிம் கார்டு ஆகியவற்றுக்கு அடையாளம் காட்டியே ஆக வேண்டும். சட்டமும் விதிகளும் அப்படி இருக்கின்றன. வாடகை வீடு, விடுதி அறை, வேலைக்கான விண்ணப்பம், விளையாட்டுச் செயலி போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு விடை போதும்: நீங்கள் 18 வயதைத் தாண்டியவரா? பெயர் நீங்கள் சொன்னதுதானா? முகவரி உண்மையா? வயதை மட்டும் அறிய வேண்டியவருக்கு முகவரியும் தந்தை பெயரும் புகைப்படமும் கொண்ட முழு அட்டையை அனுப்புவது, உப்பு கேட்டவருக்கு மளிகைக் கடைச் சாவியையே கொடுப்பது போலத்தான்.

எந்த வழியாக அந்தப் பக்கத்துக்கு வந்தீர்கள் என்பதையும் பாருங்கள். "உங்கள் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) இன்றோடு காலாவதியாகிறது" என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடவே வேண்டாம். வங்கியின் செயலியை நீங்களே திறந்து உள்ளே போனால், உண்மையிலேயே நிலுவை இருந்தால் அது அங்கே தெரியும்.

இன்னொன்று: நீங்கள் படம் ஏற்றும் பக்கம் பல நேரங்களில் அந்த நிறுவனத்துடையதாகவே இருக்காது. சரிபார்ப்புக்கென்றே இருக்கும் வேறொரு நிறுவனத்தின் பக்கம் நடுவில் திறந்துகொள்ளும். முகவரிப் பட்டியில் பெயர் மாறுகிறதா என்று கவனித்து, மாறினால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அழிக்கச் சொல்லும்போது இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: எந்த வடிவில் கொடுப்பது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆதார் என்றதும் ஜெராக்ஸ் என்றே நம் கை போகிறது. ஆனால் அதே ஆதாரைக் காட்ட அதைவிட நல்ல வழிகள் பல இருக்கின்றன.

மறைக்கப்பட்ட ஆதார் எளிது. ஆதாரை வழங்கும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் தளத்தில் மின் ஆதாரைப் பதிவிறக்கும்போதே, எண்ணை மறைக்கும் தேர்வு இருக்கிறது. அதைக் குறித்தால் 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும். அந்த பிடிஎஃப் கோப்புக்கான கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. உங்கள் பெயரும் வயதும் அறிந்த எவரும் அதை ஊகித்துவிடலாம் என்பதால், கடவுச்சொல் போட்ட கோப்புதானே என்று அதை மின்னஞ்சலில் அங்குமிங்கும் விட்டுவைக்காதீர்கள்.

மெய்நிகர் எண் என்று ஒன்று 2018இல் வந்தது. 16 இலக்கம். ஆதார் எண் கேட்கும் சரிபார்ப்புப் பெட்டியில் இதைக் கொடுக்கலாம். வேண்டும்போது புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். பழையது செல்லாமல் போய்விடும். இதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. இத்தனை நல்ல ஏற்பாடு இவ்வளவு குறைவாகப் புழங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இணைப்பில்லாக் கேஒய்சிக் கோப்பு என் விருப்பத் தேர்வு. ஆணையத்தின் தளத்தில் உள்ளே போய், நீங்களே ஒரு 4 எழுத்துப் பகிர்வுக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால், ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். உள்ளே இருப்பது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம், புகைப்படம் உண்டு. கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் நேரடியாகப் படிக்க முடியாதபடி குலைத்த வடிவில் இருக்கும். ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கங்களைத் தவிர மற்றவை இருக்காது. ஆணையத்தின் மின்கையொப்பம் இருப்பதால் ஓர் எழுத்தை மாற்றினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. ஆகவே வாங்குபவருக்கும் இதுவே நல்லது. வீடியோ சரிபார்ப்பில் இந்தக் கோப்பு அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்வதால், தேவைப்படும் அன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜிலாக்கர் 2015 ஜூலை 1 முதல் இருக்கிறது. அதில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதிக்கு நேரடியாக வந்து சேரும் ஆவணங்களுக்கு மூலப் பிரதிக்குச் சமமான மதிப்பைச் சட்டவிதி தருகிறது. நீங்களே படம் எடுத்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வேறுபாட்டில் பலர் இடறுகிறார்கள். ஒரு செயலி டிஜிலாக்கர் வழியாகக் கேட்கும்போது, எந்தெந்த ஆவணம் என்ற பட்டியலோடு ஒப்புதல் திரை வரும். வேண்டாதவற்றின் குறியை நீக்க முடிந்தால் நீக்குங்கள். பான் மட்டும் கேட்கும் வேலைக்கு ஓட்டுநர் உரிமத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.

ஓடிபி வழியாகச் செய்யும் ஆதார் கேஒய்சியில், ஆணையத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் ஆகியவை நேராகப் போய்விடும். ஓடிபியைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். நேரில் பார்க்காமல் இந்த வழியில் மட்டும் திறந்த வங்கிக் கணக்குக்கு வரம்பு உண்டு: இருப்பு 1 லட்சம் ரூபாயையும், ஒரு நிதியாண்டில் வரவு 2 லட்சம் ரூபாயையும் தாண்டக் கூடாது; ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும்.

ஆதாரையே கேட்டால் என்ன செய்வது என்ற குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடம் தந்த பிரிவைச் செல்லாதாக்கியது. 2019இல் திருத்தச் சட்டம் வந்து, வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளர் விரும்பினால் என்ற நிபந்தனையோடு கதவைத் திறந்தது. 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், விடுதிகளும் திரையரங்குகளும் நகலை வாங்கி வைக்கக் கூடாது, மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று சொல்லி மே 29 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போனது, மறைக்கப்பட்ட ஆதார் எங்கும் போகவில்லை.

மூன்றாம் படி: படமாகத்தான் வேண்டும் என்றால்

சில தளங்கள் பிடிவாதமாகப் படமே கேட்கும். அப்போது ஆதாரை விட்டுவிட்டு, ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் விவரம் குறைவான வேறு ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். பான் கார்டில் முகவரி கிடையாது.

மறைப்பதில் செய்யும் தவறுகள்தான் அதிகம். கைப்பேசியில் படம் திருத்தும்போது வரும் பேனாவையோ ஒளிப்பூச்சையோ பயன்படுத்தி எண்ணின் மேல் கிறுக்கினால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாலே அடியில் உள்ளது தெரிந்துவிடலாம். முழுக்கக் கறுப்பான கட்டத்தை வைத்து, அதன்பின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, அந்தத் திரைப்பிடிப்பை அனுப்புங்கள். பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பெட்டி வைத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். ஆதார்க் கடிதத்தில் எண் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை, மடிக்கும் பகுதியிலும் பின்பக்கத்திலும் இருக்கும். ஓரிடத்தில் மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

க்யூஆர் கட்டத்தை யாரும் நினைப்பதில்லை. முகவரியைக் கறுப்படித்துவிட்டு க்யூஆரைத் தெளிவாக விட்டால், அதே முகவரியும் புகைப்படமும் அதற்குள் இருக்கின்றன. 2018க்கு முன் அச்சான பழைய அட்டைகளின் க்யூஆரில் முழு ஆதார் எண்ணே இருக்கும். சரிபார்ப்பவர் க்யூஆரைத்தான் படிக்கப் போகிறார் என்றால் மறைக்கக் கூடாது. இல்லையென்றால் அதையும் மூடுங்கள்.

படத்தின் குறுக்கே, எழுத்துகளை மறைக்காதபடி, "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்றும் தேதியும் எழுதுவது நம் ஊரில் ஜெராக்ஸில் கையெழுத்துப் போடும் பழக்கத்தின் தொடர்ச்சிதான். அந்தப் படத்தை வைத்து வேறிடத்தில் கடன் வாங்குவது கடினமாகும். ஆனால் கணினி தானாகப் படிக்கும் தளங்கள் இதை நிராகரிக்கக்கூடும். மனிதர் பார்க்கும் இடங்களில் செய்யுங்கள். கைப்பேசிக் கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் பதிந்திருக்கும். திரைப்பிடிப்பாக மாற்றி அனுப்பினால் அதுவும் போய்விடும்.

நான்காம் படி: அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது?

நீங்கள் ஏற்றியதும் முதலில் ஒரு நிரல் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கிறது. எண் சரியான அமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் பிசகினாலும் தெரிந்துவிடும். பான் எண்ணின் நான்காம் எழுத்து தனிநபர் என்றால் 'பி'யாக இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றிலும் இப்படிச் சோதனை இலக்கங்கள் உண்டு. அடுத்து பான் விவரம் வருமான வரித் துறையின் பதிவோடு ஒப்பிடப்படுகிறது.

பிறகு முகம். செல்ஃபியையும் அட்டைப் படத்தையும் நேரடியாக ஒட்டிப் பார்ப்பதில்லை. இரண்டையும் நீண்ட எண் வரிசைகளாக மாற்றி, அவை எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த எண் வரிசையும் உங்களைப் பற்றிய தகவல்தான். படத்தை அழித்துவிட்டோம் என்பவர் அதையும் அழித்தாரா என்று கேளுங்கள். கண்ணைச் சிமிட்டுங்கள், தலையைத் திருப்புங்கள் என்று கேட்பது எதிரே இருப்பது உயிருள்ள ஆளா என்று அறிவதற்காக. பார்வையற்றவர்களும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் இதனாலேயே ஒதுக்கப்படுகிறார்கள் என்ற வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் மாற்று வழிகள் தர உத்தரவிட்டது. சிமிட்ட முடியாதவருக்கு வேறு வழி கேட்கும் உரிமை உண்டு.

நிரலுக்குச் சந்தேகம் வந்தால் படம் மனிதர் ஒருவரின் திரைக்குப் போகும். அவர் சரிபார்ப்பு நிறுவனத்தின் ஊழியராகவோ, அவர்கள் வேலை ஒப்படைத்த இன்னொரு நிறுவனத்தின் ஊழியராகவோ இருக்கலாம். டிஸ்கார்டு விவகாரத்தில் கசிவு நடந்தது இத்தகைய ஒரு வெளி நிறுவனத்தின் வழியாகத்தான்.

வங்கி வீடியோ சரிபார்ப்பு இவற்றைவிடக் கட்டுப்பாடானது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் இதை அனுமதித்து, 2021 மே மாதத்தில் விதிகளை இறுக்கியது. பயிற்சி பெற்ற வங்கி அலுவலரே பேச வேண்டும். முன்பே பதிவு செய்த வீடியோவாக இருக்கக் கூடாது என்பதால் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும் (அத்தையிடம் நடுவில் அப்பா பெயர் கேட்டது அதனால்தான்). இருப்பிடமும் நேரமும் வீடியோவில் பதிய வேண்டும். ஆதார் எண்ணை மறைக்க வேண்டும். பதிவுகள் இந்தியாவில் உள்ள கணினிகளில் இருக்க வேண்டும். இன்னொருவர் தணிக்கை செய்த பிறகே கணக்கு இயங்கும். விவரங்கள் மத்திய கேஒய்சி பதிவகத்துக்கும் போகும். அங்கே உங்களுக்கு 14 இலக்க எண் ஒன்று உருவாகும். அடுத்த வங்கியில் அந்த எண்ணைக் கொடுத்தால் படத்தை மறுபடியும் அனுப்பும் வேலை மிச்சம்.

ஐந்தாம் படி: ஒப்புதல் திரை

முழுவதையும் யாரும் படிப்பதில்லை, நானும்தான். மூன்று இடங்களை மட்டும் தேடுகிறேன்: எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், சரிபார்ப்பைத் தவிர வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள். "சேவையை மேம்படுத்த" என்ற சொல் கண்ணில் பட்டால் உங்கள் முகம் நிரலுக்குப் பாடமாகலாம் என்று பொருள். விளம்பரத்துக்கான குறி தனியாக இருக்கும், எடுத்துவிடுங்கள்.

கடன் செயலிகளுக்குத் தனி எச்சரிக்கை. கைப்பேசியின் கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகளை அவை தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றைச் சரிபார்ப்புக்காக ஒரே ஒரு முறை, உங்கள் ஒப்புதலோடு கேட்கலாம். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். வசூலுக்காக உங்கள் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போன் போகும் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும். அதாவது தமிழிலும். ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால், எந்த மீறல் என்பதைப் பொறுத்து, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு என்பதால் முழு வீச்சு 2027 மே வாக்கில்தான்.

ஆறாம் படி: முடிந்த பிறகு வீட்டைப் பெருக்குவது

அனுப்பிய படம் உங்கள் கைப்பேசியிலேயே எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படத்தொகுப்பு, அதன் குப்பைத்தொட்டி, இணையச் சேமிப்பு, வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சலின் அனுப்பியவை, பதிவிறக்கக் கோப்புறை. இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ செய்தீர்கள் என்றால் அங்குள்ள கணினியின் பதிவிறக்கக் கோப்புறையை உங்கள் கண் முன்னே காலி செய்யச் சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும். பரவாயில்லை.

ஆதாரின் உயிரளவையை, அதாவது கைரேகையையும் கருவிழியையும், ஆணையத்தின் தளத்தில் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ரேஷன் கடைக்குக் கைரேகை வைக்கப் போகிறவர் திறந்துவிட்டுப் போக மறக்கக் கூடாது. ஆதாரை யார் எப்போது சரிபார்த்தார்கள் என்ற வரலாற்றையும் அங்கேயே பார்க்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று தெரியும். கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் உடனே கண்ணில் படும்.

அத்தை இதைத் தன் வழியில் செய்கிறார். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, யாருக்கு, என்ன ஆவணம் என்று மூன்று பத்தி. என்னிடம் இருக்கும் எந்தச் செயலியையும்விட அது ஒழுங்காக இருக்கிறது.

ஏழாம் படி: அழிக்கச் சொல்லிக் கேட்பது

வங்கியிடம் கேட்டால் மறுப்பார்கள். மறுக்க அவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. பண மோசடித் தடுப்புச் சட்டப்படி அடையாளப் பதிவுகளைக் கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு இப்படி எழுதலாம்:

"(தேதி) அன்று உங்கள் செயலியில் அடையாளச் சரிபார்ப்புக்காக என் (ஆவணம்) படத்தையும் செல்ஃபியையும் பதிவேற்றினேன். சரிபார்ப்பு முடிந்துவிட்டது. அந்தப் படங்கள், என் முகத்திலிருந்து உருவாக்கிய தரவு, காப்புப் பிரதிகள் ஆகியவற்றை நீங்களும் உங்களுக்காகச் சரிபார்த்த நிறுவனமும் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி செய்ய வேண்டுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டும் என்றால், எந்தச் சட்டம், எத்தனை காலம் என்பதைத் தெரிவிக்கவும்."

குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் தனியுரிமைக் கொள்கையின் அடிப்பகுதியில் இருக்கும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை அது இல்லாமல் எழுதியதற்கு "விதிமுறைகளின்படி பாதுகாத்து வருகிறோம்" என்று ஒரு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. எந்த விதிமுறை என்று மறுபடி எழுதிய பிறகே அழித்தார்கள்.

கசிந்துவிட்டால்

எது போனது என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும். பாஸ்போர்ட் என்றால் புதிதாக எடுக்கும்போது எண் மாறிவிடும். ஆதார் எண் மாறாது. எனவே உயிரளவையைப் பூட்டி, மெய்நிகர் எண்ணைப் புதுப்பித்து, சரிபார்ப்பு வரலாற்றைச் சில மாதங்கள் கண்காணியுங்கள். ஆதார் தொடர்பான உதவிக்கு 1947. பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930க்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும். அதன்பின் வங்கிக்கும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும். புகார் எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். பல மாதம் கழித்து உங்கள் பெயரில் யாரோ வாங்கிய கடனுக்கு வசூல் ஆள் போன் செய்தால், அவரிடம் சொல்ல வேண்டியது அந்த எண்ணைத்தான்.